அல்காரிதம்: ஓர் ஆளின் பெயர்

2020 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர்ஷைர் பகுதியில், கோல்வில் என்ற ஊரின் பள்ளியொன்றில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் மாணவர்களிடம் பேசினார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் நாடு முழுவதும் ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் குளறுபடியாகி, பிள்ளைகள் தெருவுக்கு வந்து போராடி, அரசு பின்வாங்கியிருந்தது. அத்தனைக்கும் காரணமாக அவர் சொன்னது இரண்டே வார்த்தை: 'மியூட்டன்ட் அல்காரிதம்'. திரிந்துபோன ஓர் அல்காரிதம் உங்கள் மதிப்பெண்ணைக் கெடுக்கப் பார்த்தது என்றார். எந்த அமைச்சரின் பெயரும் அந்த வாக்கியத்தில் இல்லை, எந்தத் துறையின் பெயரும் இல்லை.

அல்காரிதம் என்ற சொல் இன்று தமிழில் சரளமாகப் புழங்குகிறது. யூடியூபில் காணொளி போடுகிறவர் 'அல்காரிதம் தூக்கிவிட்டிருச்சு' என்கிறார். சாப்பாடு கொண்டுவரும் இளைஞர் தனக்கு ஏன் ஆர்டர் குறைந்தது என்று கேட்டால் 'அல்காரிதம் மாத்திட்டாங்க' என்ற பதில் கிடைக்கிறது. அரசு அலுவலகங்களில் இதையே 'சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது' என்பார்கள். எல்லா இடத்திலும் வாக்கியத்தின் எழுவாயாக ஒரு பொருள்தான் நிற்கிறது, ஆள் மறைந்துவிடுகிறார். ஆனால் அல்காரிதம் என்ற சொல் பிறந்தபோது அது ஓர் ஆளைக் குறித்தது. ஊரும் தகப்பன் பெயரும் தொழிலும் தெரிந்த, தான் எழுதியதற்குத் தன் பெயரை முன்வைத்த ஒரு மனிதர். அவர் பெயர் எப்படிப் பெயரில்லாத ஒன்றின் பெயரானது என்பதைத் தேடிப்போனால், இன்றைய செயற்கை நுண்ணறிவைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வழியிலேயே கிடைக்கிறது.

முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்தவர். முகம்மது இயற்பெயர். இப்னு மூசா என்றால் மூசாவின் மகன். கடைசிப் பகுதி ஊர்ப்பெயர்: குவாரிஸத்தைச் சேர்ந்தவர். ஏரல் கடலுக்குத் தெற்கே அமு தாரியா ஆறு கிளைகளாகப் பிரியும் சமவெளிதான் குவாரிஸம். இன்று அது உஸ்பெகிஸ்தானிலும் துருக்மெனிஸ்தானிலுமாகக் கிடக்கிறது. அவர் அங்கேயே பிறந்தாரா, முன்னோர் அங்கிருந்து வந்தவர்களா என்பதில் இரு கருத்து உண்டு. வரலாற்றாசிரியர் அத்-தபரியின் நூலில் அவர் பெயரோடு பாக்தாதுக்கு அருகிலுள்ள குத்ருபுல் என்ற ஊரும் சேர்ந்து வருகிறது. எப்படியானாலும் ஊர்தான் அவருக்கு அடையாளமாக நிலைத்தது. நமக்கு இது புதிதல்ல. செம்மங்குடி பாடினார் என்றால் சீனிவாச அய்யர் பாடினார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அரியக்குடி என்றால் ராமானுஜ அய்யங்கார்.

குவாரிஸ்மி வேலை பார்த்தது பாக்தாதில், 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா அல்-மாமூனின் ஆதரவில். வானியல் அட்டவணை, நிலப்படத்துக்கான ஊர்களின் இருப்பிடக் குறிப்புகள், கணக்கு நூல்கள் என்று பல எழுதினார். அவற்றில் ஒன்றின் தலைப்பில் வரும் 'அல்-ஜப்ர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. ஒடிந்ததைச் சேர்த்துக் கட்டுவது என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரை 'அல்ஜெப்ரிஸ்டா' என்றே ஒரு காலத்தில் அழைத்தார்கள். அந்த நூலை எதற்காக எழுதினேன் என்று குவாரிஸ்மியே முன்னுரையில் சொல்கிறார்: வாரிசுப் பங்கு, உயில், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றுக்கு மக்களுக்குத் தேவைப்படும் கணக்கு என்று. நூலின் பெரும்பகுதி உயில் கணக்குகளாலேயே நிறைந்திருக்கிறது.

அதில் வரும் ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் இறந்துபோகிறார். கணவரும் ஒரு மகனும் மூன்று மகள்களும் இருக்கிறார்கள். சொத்தில் எட்டில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் சேர்த்து வெளியாள் ஒருவருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். இஸ்லாமியச் சட்டப்படி, உயில் போக மிஞ்சியதில் கணவருக்குக் கால் பங்கு. மீதியில் மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. மிஞ்சியதை 20 கூறாக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3. வெளியாளின் பங்கையும் சேர்த்து மொத்தச் சொத்தை 1,120 கூறாக வைத்தால் வெளியாளுக்கு 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, ஒவ்வொரு மகளுக்கும் 123. கூட்டிப் பார்த்தால் சரியாக 1,120 வரும்.

இந்தப் பங்கீடு நியாயமா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அப்படிக் கேட்க முடிவதற்கே விதி கண்முன் இருப்பது காரணம். கடைசி மகள் வந்து 'எனக்கு ஏன் 123?' என்றால் அவளுக்கு வரிக்கு வரி காட்டலாம். விதி எந்தச் சட்டத்தில் இருக்கிறது, கணக்கு எந்த இடத்தில் பிரிகிறது, தவறு இருந்தால் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். கணக்கு போட்டவர் பெயரும் தெரியும். குவாரிஸ்மியின் பெயரோடு கூட வந்திருக்க வேண்டிய முதல் இலக்கணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அல்காரிதம் என்ற சொல் பிறந்தது அவருடைய இன்னொரு நூலிலிருந்து. இந்தியர்களின் எண்முறையை, அதாவது ஒன்பது இலக்கமும் ஒரு சுழியும் வைத்து எந்த எண்ணையும் எழுதுவதை, கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுப்பதை, அரபு வாசகருக்கு விளக்கிய நூல் அது. அரபு மூலம் அழிந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போன வடிவம்தான் மிச்சம். அதன் ஒரு கையெழுத்துப் பிரதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'அல்கோரிஸ்மி சொன்னார்' என்ற பொருள் தரும் இரண்டு லத்தீன் சொற்களோடு அது தொடங்குகிறது.

இந்தக் கணக்குமுறை இந்தியாவிலிருந்து போனபோது தூசுப் பலகையோடு போனது. வடமொழியில் இதற்குத் தூளி கர்மம் என்று பெயர். தூசில் செய்யும் வேலை. பலகையில் மணலோ புழுதியோ பரப்பி, விரலால் எழுதி, பெருக்கும்போது பழைய இலக்கத்தை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே போவார்கள். வேலை முடிந்ததும் விடை மட்டும் இருக்கும், வந்த வழி இருக்காது. 952 வாக்கில் டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி என்ற கணிதர் இந்த முறையை மையும் காகிதமும் கொண்டு செய்யும்படி மாற்றி அமைத்தார். மையில் எழுதியதை அழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு படியும் தாளில் தங்கியது. இன்று செயற்கை நுண்ணறிவுச் சட்டங்களில் 'தணிக்கைத் தடம்' என்று வலியுறுத்தப்படுவது, முடிவு மட்டும் போதாது, அது வந்த வழியும் தங்க வேண்டும் என்பதைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே காகிதம் அதைச் செய்து காட்டியது.

இனிப் பெயரின் கதை. 'அல்கோரிஸ்மி சொன்னார்' என்று படித்த ஐரோப்பியருக்கு அல்கோரிஸ்மி யார் என்று தெரியாது. இரண்டு மூன்று தலைமுறையில் ஆள் பெயர் முறையின் பெயராகிவிட்டது. 'அல்கோரிஸ்முஸ்' என்றால் இந்திய இலக்கங்களை வைத்துக் கணக்குப் போடும் கலை. 1200ஐ ஒட்டி வில்தியுவின் அலெக்சாந்தர் அதை லத்தீன் செய்யுளாகப் பாடி வைத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் சாக்ரோபோஸ்கோ அதையே பாடநூலாக எழுத, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது நெடுங்காலம் ஓடியது. ஆங்கிலத்தில் சொல் 'ஆக்ரிம்' என்று தேய்ந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ஒரு கதையில் வரும் மாணவனின் அலமாரியில் ஆக்ரிம் கற்கள் இருக்கின்றன. ஸ்பானிய மொழியில் 'குவாரிஸ்மோ', போர்த்துகீசியத்தில் 'அல்கரிஸ்மோ'. இரண்டுக்கும் இன்று இலக்கம் என்றே பொருள். லிஸ்பனில் ஒரு குழந்தை எண் எழுதக் கற்கும்போது உச்சரிப்பது பாக்தாதில் வாழ்ந்த ஒருவரின் ஊர்ப்பெயரை.

ஆள் மறைந்ததும் அந்த வெற்றிடத்தில் கற்பனைகள் முளைத்தன. இந்தியாவில் அல்கோர் என்றொரு ராஜா இருந்தார், அவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று இடைக்கால நூல்கள் எழுதின. அல்குஸ் என்ற தத்துவஞானி என்று இன்னொரு கதை. கிரேக்கத்தில் வலியைக் குறிக்கும் சொல்லையும் எண்ணைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்து, வலிக்க வலிக்கப் போடும் கணக்கு என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. எண்ணைக் குறிக்கும் அந்த 'அரித்மோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் இழுப்பில்தான் அல்கோரிஸம் அல்காரிதம் ஆனது. வேருக்கும் அந்த 'த'வுக்கும் தொடர்பே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் ரெனோ என்ற பிரெஞ்சு அறிஞர் இது குவாரிஸ்மியின் பெயர் என்று அடையாளம் காட்டினார். 1857இல் ரோமில் பொன்கொம்பாஞ்ஞி அந்தக் கேம்பிரிட்ஜ் பிரதியை அச்சிட்டதோடு சந்தேகம் தீர்ந்தது. கிட்டத்தட்ட ஆறு நூற்றாண்டு ஒரு மனிதரின் பெயரை உச்சரித்துக்கொண்டே அவரை மறந்திருக்கிறார்கள்.

இந்தப் புது முறையைச் சமூகம் உடனே வரவேற்றுவிடவில்லை. 1299இல் பிளாரன்ஸ் நகரின் நாணயமாற்றுக்காரர் சங்கம் தன் உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தில் இந்திய-அரபு இலக்கங்களை எழுதக் கூடாது, தொகையை எழுத்தால் எழுத வேண்டும் என்று விதி போட்டது. சுழியை ஆறாகவும் ஒன்பதாகவும் திருத்திவிடுவது எளிது என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பழமைவாதம் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதுக் கருவி ஒன்று பணத்தையும் உரிமையையும் தொடும் இடத்துக்கு வரும்போது, ஏமாற்று நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதலில் கேட்டவர்கள் அவர்கள். இன்றும் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். கருவி வந்தது, காவலும் கூடவே வந்தது.

பிறகு சொல் மெல்ல விரிந்தது. 1684இல் கணித மேதை லைப்னிட்ஸ் தன் நுண்கணித விதிகளுக்கு இதை எடுத்துக்கொண்டார். 20ஆம் நூற்றாண்டில் கணினி வந்தபின், முடிவுள்ள, தெளிவான படிகளால் ஆன செய்முறை என்ற இன்றைய பொருள் ஊன்றியது. அதுவும் மெதுவாகத்தான்: 1957 வரையிலும் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க அகராதியில் இந்தச் சொல் இல்லை, பழைய 'அல்கோரிஸம்' மட்டுமே இருந்தது என்று கணினியறிஞர் டொனால்டு குனூத் பதிவு செய்கிறார். அவரும் சோவியத் அறிஞர் ஆந்திரேய் எர்ஷோவும் 1979இல் குவாரிஸ்மியின் பூமியான உர்கெஞ்ச் நகரிலேயே ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். 1983இல் அவருடைய 1,200ஆம் ஆண்டுக்கு சோவியத் அரசு தபால்தலை வெளியிட்டது. அறிஞர்கள் பெயரை ஆளிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், வேறொரு பக்கம் சொல் இன்னும் பெரிய மாற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

1955இல் கணினியறிஞர் ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் டார்ட்மவுத் கல்லூரிக் கோடைப் பட்டறைக்கான விண்ணப்பத்தில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரை முன்வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கிளைகளில் இன்று ஓங்கி நிற்பது எந்திரக் கற்றல். இதில் விதியை மனிதர் எழுதுவதில்லை. பழைய பதிவுகளைக் கொட்டிக் கொடுத்தால் எந்திரம் அவற்றுக்குப் பொருந்தும் எண்களைத் தானே தேடிக்கொள்கிறது. கோடிக்கணக்கான எண்களாக இருக்கும் அந்த விதியை மகள் கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனாலும் அதற்குப் பின்னால் ஆள் இல்லை என்று சொல்வது பொய். எந்தப் பதிவைக் கொடுப்பது, எதைக் குறிவைத்துக் கற்கச் செய்வது, எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் ஆபத்து என்று வைப்பது, தவறினால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் கூட்டம் போட்டு, கோப்பில் கையெழுத்திட்டு மனிதர்கள் எடுத்த முடிவு.

இங்கிலாந்தின் கதையையே பாருங்கள். அதில் செயற்கை நுண்ணறிவுகூடக் கிடையாது, வெறும் புள்ளியியல் சூத்திரம். கொரோனாவால் 2020இல் தேர்வு ரத்தானது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடும், வகுப்புக்குள் ஒரு தர வரிசையும் அனுப்பினார்கள். ஆஃப்குவால் என்ற தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் என்ன விகிதத்தில் கிரேடுகள் விழுந்தன என்று பார்த்தது. இந்த ஆண்டு மாணவர்களின் பழைய தேர்வு முடிவை வைத்துச் சற்றுத் திருத்தியது. பிறகு வரிசைப்படி மேலிருந்து கீழாக நிரப்பியது. பெரிய வகுப்புகளில் ஆசிரியர் கொடுத்த கிரேடுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

ஏழை வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் கணிதம் படிக்கும் 25 பேரில் முதலிடத்தில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் யாரும் உச்ச கிரேடு வாங்கவில்லை என்றால் அவளுக்கும் அது கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கடைசி இடத்துப் பையனுக்கோ, முன்பு யாரோ தவறியிருந்ததால், தேர்ச்சியே இல்லை என்று வரலாம். அவன் எழுதாத தேர்வில் அவன் தோற்றான். மாறாக, ஐந்து பேரும் அதற்குக் குறைவாகவும் உள்ள வகுப்புகளில் ஆசிரியரின் கிரேடு அப்படியே ஏற்கப்பட்டது. இத்தகைய சிறு வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது, ஆசிரியர் கொடுத்ததைவிடச் சுமார் 39 சதவீத கிரேடுகள் குறைக்கப்பட்டிருந்தன. லண்டனில் கல்வித் துறை அலுவலகத்தின் முன் கூடிய மாணவர்கள் அல்காரிதத்தைத் திட்டி முழங்கினார்கள். 17ஆம் தேதி அரசு இறங்கிவந்து ஆசிரியர் கிரேடையே ஏற்றது.

சூத்திரம் திரிந்ததா? இல்லை. 2020 மார்ச் 31 அன்றே கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் ஆஃப்குவாலுக்கு எழுத்துமூலம் தந்த பணிப்பு, கிரேடுகளின் பரவல் முந்தைய ஆண்டுகளை ஒத்திருக்க வேண்டும் என்பதாக இருந்தது. சூத்திரம் அந்தப் பணிப்பை அப்படியே நிறைவேற்றியது. சென்ற ஆண்டைப்போலவே இந்த ஆண்டும் இருக்க வேண்டும் என்றால், சென்ற ஆண்டின் ஏற்றத்தாழ்வும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் பொருள். ஆஃப்குவாலின் தலைமை அதிகாரி பதவி விலகினார், கல்வித் துறைச் செயலர் நீக்கப்பட்டார். அமைச்சர் இன்னும் ஓராண்டுக்கு மேல் நாற்காலியில் இருந்தார். பழி ஒரு சொல்லின் மேல் விழுந்தது. அந்தச் சொல்லால் நீதிமன்றத்தில் வந்து பதில் சொல்ல முடியாது.

நெதர்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடியது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் பெற்றோரில் மோசடிக்காரர் யார் என்று ஊகிக்க அந்நாட்டு வரித்துறை 2013 முதல் தானே கற்கும் ஓர் ஆபத்து மதிப்பீட்டு எந்திரத்தைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதும் அதில் ஒரு குறியீடு. ஒரு படிவத்தில் கையெழுத்து விடுபட்டது போன்ற சிறு பிழைக்கெல்லாம் வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டு என்று பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஆணை போனது. வீடு போனது, மணமுறிவு வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசுக் காப்பில் வைக்கப்பட்டதை அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே கணக்கிட்டது. இந்தக் குடும்பத்தை எந்திரம் ஏன் குறித்தது என்று கோப்பைப் பார்த்த அலுவலருக்கே தெரியாது. மதிப்பெண் வரும், காரணம் வராது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு இதை முன்னெப்போதும் இல்லாத அநீதி என்று அறிவித்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் ரூட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. ஒரு நாட்டின் அரசே இதற்காகக் கவிழ்ந்தது என்பதை நம் ஊடகங்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்த நீதிபதி, அவர் மறுபடி குற்றம் செய்யக்கூடும் என்று காம்பாஸ் என்ற மென்பொருள் கொடுத்த மதிப்பீட்டையும் கருத்தில் கொண்டார். எதை எப்படி எடைபோட்டு அந்த மதிப்பெண் வந்தது என்று கேட்டதற்கு, அது தயாரித்த நிறுவனத்தின் வணிக ரகசியம். 2016 ஜூலையில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பயன்படுத்தலாம் என்றது. இந்த மதிப்பெண்ணின் குறைகளை நீதிபதிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதை மட்டும் வைத்துத் தண்டனையை முடிவு செய்யக் கூடாது என்ற எச்சரிக்கைகளோடு. என்னைக் கேட்டால் அது தவறான தீர்ப்பு. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் காரணத்தில் ஒரு பகுதியை அவருக்கே காட்ட மறுக்கலாம் என்றால், அது தூசுப் பலகையை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்த கதைதான்.

நம் நாட்டுக்கே வருவோம். தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற மென்பொருள் பல துறைகளின் பதிவுகளைப் பெயர், முகவரி கொண்டு பொருத்தி, உணவுப் பாதுகாப்பு அட்டைக்குத் தகுதியில்லாதவர்களைக் காட்டியது. ஏழைக் குடும்பத் தலைவர் ஒருவரை, ஏறக்குறைய அதே பெயருடைய வேறொரு கார் உரிமையாளராக எடுத்துக்கொண்டு அட்டை மறுக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. 2016 முதல் ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அரிசி நின்றுபோன வீட்டுக்கு இரண்டு பெயர்களைக் குழப்பியது எந்திரம் என்று தெரிந்து என்ன பயன்? ஆள் போய்ப் பார்க்காமலே அட்டையை வெட்டலாம் என்று ஒப்புதல் தந்தது ஒரு மனிதர்.

சட்டம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் வாழ்வைப் பாதிக்கும் முடிவை முழுக்க எந்திரத்திடம் விடுவதற்கு அது வரம்பு கட்டுகிறது, மனிதர் ஒருவர் தலையிட வேண்டும் என்று கேட்கும் உரிமை தருகிறது. கடன் தகுதி மதிப்பெண் போடுவதே சில சூழலில் அத்தகைய முடிவுதான் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஜெர்மன் வழக்கில் தீர்த்தது. 2016இல் பிரான்ஸ், அரசு முடிவு அல்காரிதத்தின் அடிப்படையில் எடுக்கப்பட்டால் அதைக் குடிமகனுக்குத் தெரிவிக்க வேண்டும், கேட்டால் விதியை விளக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 2020இல் ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும் தாங்கள் பயன்படுத்தும் இத்தகைய முறைகளின் பொதுப் பதிவேட்டைத் திறந்தன. எந்தத் துறை பொறுப்பு, யாரைத் தொடர்புகொள்வது என்று அதில் எழுதியிருக்கும். எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது இந்தப் பதிவேடுதான். சட்டப் பிரிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ள வழக்கறிஞர் வேண்டும். பொறுப்பாளர் யார் என்று பார்க்க யாரும் வேண்டாம்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தானியங்கி முடிவுக்கு எதிரான தனி உரிமை இல்லை. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மக்களைத் தொடும் முறைகளைப் பயன்பாட்டுக்கு முன் மதிப்பிட வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் கொள்கையைக் காட்டி ஒரு குடிமகன் வழக்காட முடியாது, சட்டத்தைக் காட்டித்தான் முடியும்.

தமிழில் இந்தச் சொல்லுக்குப் படிமுறை, வழிமுறை, படிமுறைத் தீர்வு என்று பல ஆக்கங்கள் உண்டு. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல்கள் 'நெறிமுறை' என்கின்றன. எல்லாம் நல்ல சொற்களே. நெறிமுறை என்பதில் அறமும் கலந்திருப்பதால் அதன்மேல் பலருக்கு ஆசை உண்டு. ஆனால் அரசின் வழிகாட்டு நெறிமுறை, மருத்துவ நெறிமுறை என்று அது ஏற்கனவே பல இடத்தில் வேலை பார்க்கிறது. தவிர, அறமே இல்லாத ஒரு சூத்திரத்துக்கு அந்தப் பெயர் சூட்டினால் அது தகுதியில்லாத மரியாதை. பாடநூலில் எந்தச் சொல் இருந்தாலும் பேச்சிலும் எழுத்திலும் அல்காரிதம் என்றே நான் சொல்லுவேன். அதில் ஓர் ஆளின் பெயர் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் உதவித்தொகையோ அட்டையோ பட்டாவோ சான்றிதழோ மறுக்கப்பட்டு, 'சிஸ்டத்துல அப்படித்தான் வருது' என்று ஓர் அரசு அலுவலகத்தில் பதில் வந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்வது அந்த அலுவலகத்தின் கடமை என்கிறது. 'சிஸ்டம்' என்ற ஒரு சொல் அந்தக் கடமையை நிறைவேற்றிவிடாது. வணிக ரகசியம் என்று தட்டிக்கழித்தால், பெரிய பொதுநலன் இருக்கும்போது அதையும் வெளியிடலாம் என்று அதே சட்டத்தின் 8(1)(டி) பிரிவில் இருப்பதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். மனுவில் நான்கு கேள்வி போதும்: என் விண்ணப்பத்தை மறுக்கும் முடிவை எடுத்த அலுவலரின் பெயரும் பதவியும் என்ன, எந்தத் தகவலின் பேரில் எடுத்தார், அந்தத் தகவலை யார் சரிபார்த்தார், நான் யாரிடம் முறையிட வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.